கூனிமுடியின் தலை

இது உச்சி இல்லை. பத்துப் பேரும் ஏறி நின்று கைகளை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கும் இந்தப் பாறை உச்சி இல்லை, மேற்கே, அதோ, நடுவில் ஒரு பள்ளம் இறங்கி ஏறுகிறதே, அதற்கு அந்தப் பக்கம் மேகம் வந்து வந்து மூடித் திறக்கும் புல்மேடுதான் உச்சி, இதை இப்போது சொல்ல வேண்டும், இப்போதே, தீபன் அண்ணா கையிலிருக்கும் கல்லைக் கீழே வைப்பதற்கு முன்னால், வாயைத் திற, ‘அண்ணா, உச்சி இது இல்ல’, நாலே வார்த்தை, ஆனால் அந்த நாலும் பேருந்துக் கதவில் ஒரே நேரத்தில் இறங்கப் பார்க்கும் ஆட்களைப் போலத் தொண்டைக்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன, அதற்குள் ஹசீனா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து “அண்ணா, இந்தப் பக்கம் பாருங்க, சிரிங்க, கல்லு தெரியணும்” என்கிறாள், அவர் சிரிக்கிறார், கல்லை வைக்கிறார், எல்லோரும் கை தட்டுகிறார்கள். நானும் தட்டுகிறேன். இந்தக் கைகளை என்ன செய்வது, வெட்டிப் போடலாமா, யார் சொல்லித் தட்டின இவை. அவர் வைத்த கல் வழவழவென்று ஓடைக்கல், காலையில் அடிவாரத்தில் ஓடையைத் தாண்டும்போது எல்லோரும் பார்க்க எடுத்தது. எங்கள் நடைக்குழுவில் அது வழக்கம். மதுரையிலிருந்து மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி ஏதாவது ஒரு மலை ஏறும் ஆட்கள் நாங்கள், யாரும் போகாத ஓர் உச்சியை யார் கண்டுபிடித்துச் சொல்கிறாரோ அவர் அடிவாரத்து ஓடையிலிருந்து ஒரு கல்லைச் சுமந்து வந்து உச்சியில் வைக்க வேண்டும், மேலே கிடக்கிற கல்லைப் புரட்டி வைத்தால் செல்லாது, கீழேயிருந்து வந்த கல்லாக இருக்க வேண்டும், வைத்துவிட்டால் அந்த உச்சி அவர் பெயரில், குழுவில் எல்லோரும் ‘வேதமூர்த்தி சாரோட மலை’, ‘தீபனோட மலை’ என்றுதான் சொல்வார்கள். என் பையிலும் ஒரு கல் இருக்கிறது. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குனிந்து, யாரும் பார்க்காதபோது, திருடி மாதிரி எடுத்துத் துண்டில் சுற்றி உள்ளே போட்டேன். என் உச்சிக்கு நான் கல் எடுப்பதற்கு நான் ஏன் திருடி மாதிரி எடுத்தேன். ஏற்றம் முழுக்க அது முதுகெலும்பில் இடித்துக்கொண்டே வந்தது, இப்போதும் இடிக்கிறது, பையைக் கழற்றி வைக்கக்கூடத் தோன்றாமல் கை தட்டிக்கொண்டிருக்கிறேன்.

கூனிமுடி என்ற பெயர் எந்த வரைபடத்திலும் கிடையாது. வரைபடத்தில் அது பெயரில்லாத ஓர் உயர எண், அவ்வளவுதான், கீழே எஸ்டேட்டில் இலை பறிக்கிற பெண்கள் வைத்த பெயர்தான் கூனி. அங்கேயிருந்து பார்த்தால் யாரோ தலையை நெஞ்சுக்குள் புதைத்துக்கொண்டு முதுகை வளைத்து உட்கார்ந்திருப்பது போலத் தெரியும், கூன் தெரியும், தலை தெரியாது, தலை அந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது. நாங்கள் இப்போது கூனின் மேல் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறோம். எனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் சொல்வேன், யாரும் கேட்கவில்லை, கேட்க மாட்டார்கள். நான் புவியியல் படித்தேன், இப்போது பழைய வரைபடங்களைக் கணினியில் ஏற்றும் வேலை, காலையிலிருந்து சாயங்காலம் வரை சம உயரக் கோடுகளின் மேல் சுட்டியை நகர்த்திக்கொண்டே இருப்பேன், ஒரு மலையின் பழுப்புக் கோடு எங்கே நெருங்குகிறது, எங்கே அகல்கிறது, எங்கே ஓடையைக் கண்டதும் மூக்கை நீட்டுகிறது என்று என் விரலுக்குத் தெரியும். அப்படி ஒரு மழைநாள் மதியம்தான் இந்த முகட்டுக்கு வந்தேன். கிழக்கே ஒரு சின்ன வளையம், கொஞ்சம் தள்ளி மேற்கே ஒரு வளையம், அதற்குள் இன்னொரு வளையம். மேற்கில் இருப்பது ஒரு வளையம் கூடுதல், அதாவது ஒரு படி உயரம், அவ்வளவு எளிது, பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். அந்த இரண்டாவது வளையத்துக்குள் சுட்டியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ தெரியாது. யாரும் போகாத இடம், யாரும் சத்தமாகப் பேசாத இடம், அங்கே ஒருமுறை நிற்க வேண்டும் என்று தோன்றியது. அதைப் போய் இவரிடம் சொன்னேன் பார். சிறுமலை நடை முடிந்த சாயங்காலம், டீக்கடையில், மற்றவர்கள் வேனில் ஏறப் போய்விட்டார்கள், தீபன் அண்ணா மட்டும் கடைசி வாய் டீயை ஊதிக்கொண்டிருந்தார், வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்ததைச் சொன்னேன், சொல்லிக்கொண்டே பெஞ்சில் சிந்திக் கிடந்த டீயில் விரலைத் தொட்டு முகட்டை வரைந்தேன், முதலில் கூன், அப்புறம் பள்ளம், அப்புறம் தலை. அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே டம்ளரைக் கீழே வைத்தார், சரியாகத் தலையின் மேல். “அங்க ஒண்ணும் இருக்காதும்மா, வெறும் புல்லு” என்றார். பிறகு சில வாரம் கழித்துக் குழுவில் செய்தி வருகிறது, நண்பர்களே, ரொம்ப நாள் தேடலுக்கு அப்புறம் ஒரு புது உச்சி கண்டுபிடிச்சிருக்கேன், பேரு கூனிமுடி, யாரெல்லாம் வர்றீங்க. ரொம்ப நாள் தேடல். நான் பதில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன், கடைசியில் எல்லோரும் போட்டிருந்த கட்டைவிரலை நானும் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் அந்தக் கட்டைவிரலைக் கடிக்கத் தோன்றுகிறது. டம்ளரை எங்கே வைத்தாரோ அங்கேதான் அவருக்கு மலை முடிந்துபோயிருக்கிறது. திருடினதையாவது முழுசாகத் திருடியிருக்கக் கூடாதா.

“செண்பகம், இந்தா, இந்த அப்பளத்தைப் புடி, நமத்துப் போறதுக்குள்ள தின்னு” என்கிறார் வேதமூர்த்தி சார், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மலைக்கு வருவதே சாப்பாடு பரிமாறத்தான் என்பது போல எவர்சில்வர் தூக்கு ஒன்றைச் சுமந்து வருவார். வாங்கிக்கொள்கிறேன். “நல்லா இருக்குன்னாவது சொல்லேன்மா, ஊமச்சி மாதிரி தலையாட்டுற.” நல்லா இருக்கு சார் என்றுதான் சொன்னேன், சொன்னது எனக்குக் கேட்டது. இதுதான், எப்போதும் இதுதான். கோவில்பட்டியில் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது ‘உள்ளேன் டீச்சர்’ என்று சொல்வேன், டீச்சர் நிமிர்ந்து பார்க்காமலே வரவில்லை என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள், முதல் பெஞ்சில், அவர்கள் புடவை முந்தானை என் நோட்டின் மேல் விழும் தூரத்தில் நான் உட்கார்ந்திருப்பேன், இருந்துகொண்டே வராதவள். பேருந்தில் என் நிறுத்தத்தைச் சொல்வேன், நடத்துநருக்குக் கேட்காது, அடுத்த நிறுத்தத்தில் யாராவது இறங்கினால் அவர்களோடு இறங்கி வெயிலில் திரும்பி நடப்பேன், இப்படியே நடந்து நடந்துதான் எனக்கு மலை ஏறும் கால் வந்தது போலிருக்கிறது. வீட்டில் நான் ஆரம்பிக்கிற வாக்கியத்தை அப்பா முடித்து வைப்பார், அது நான் சொல்ல வந்ததாக இருக்காது, ஆனால் முடிந்துபோய்விடும். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ‘அமைதியான பொண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அம்மாவுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம், எனக்கு மட்டும்தான் தெரியும் உள்ளே என்ன சத்தம் என்று, பஞ்சாலைக்குள் நுழைந்தால் காது அடைத்துப் போகுமே, அந்தச் சத்தம். அமைதியாம். அதனால்தான் குழுவில் நான் வால். வால் என்றால் கேலியில்லை, அது ஒரு வேலை. தலை முன்னால் போகும், வால் எல்லோருக்கும் பின்னால் வரும், வழியில் யாரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும், நிற்கிற இடத்தில் எல்லாம் தீபன் அண்ணா ‘தலை!’ என்று கத்துவார், பின்னாலிருந்து ‘வால்!’ என்று பதில் வர வேண்டும், பதில் வராமல் யாரும் ஓர் அடி நகரக் கூடாது. விதி அவருடையது. போட்டித் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர், ஒலிபெருக்கி இல்லாமல் கூடம் நிறையப் பாடம் எடுப்பாராம், அந்தக் குரலில் அவர் தலை என்று கத்தினால் சோலைக்குள் மந்திகூட ஒரு நிமிடம் வாயை மூடும். முதல் நடையில் நான் வால் என்று கத்தினேன், கத்தியதாக நினைத்தேன், அவருக்குக் கேட்கவில்லை, மொத்தக் குழுவும் வெயிலில் நின்றது, அடுத்த முறை எனக்காக ஆரஞ்சு நிறத்தில் ஒரு விசில் வாங்கி வந்தார். “உனக்கு இதுதாம்மா சரி. வாயத் தொறக்க வேண்டாம், ஊது, போதும்.” எல்லோரும் சிரித்தார்கள், அன்பாகத்தான் சிரித்தார்கள். விசில் இப்போதும் கழுத்தில் தொங்குகிறது, ஆட்டுக்கு மணி கட்டினது போல. அவரை மனதுக்குள் திட்டும்போதுகூட ‘அவர்’ என்றுதான் வருகிறது, ‘அவன்’ வரமாட்டேன் என்கிறது, கோபப்படக்கூட இவ்வளவு மரியாதையாகக் கோபப்படுகிறவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய.

மேகம் கொஞ்சம் விலகுகிறது. அதோ தெரிகிறது தலை. புல் படிந்து படிந்து எழுகிறது, யாரோ கோதிவிடுவது போல. இங்கேயிருந்து பார்த்தாலே உயரம் என்பது தெரிகிறதே, அதன் விளிம்புக்குப் பின்னால் இருக்கும் மலைகள் எல்லாம் மறைகின்றன, நாம் உயரத்தில் இருந்தால் அவை தெரிய வேண்டும், இது ஒருவர் கண்ணிலும் படவில்லையா, ஒன்பது பேரில் ஒருவர் கண்ணில்கூட. எழுந்துவிட்டேன். எழுந்தது நானா கால்களா தெரியவில்லை, தீபன் அண்ணா பக்கத்தில் போய் நிற்கிறேன், அவர் தயிர்ச்சோற்றில் மாவடுவைக் கடித்துக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், அது உயரம் காட்டும் கடிகாரம். “அண்ணா.” “சொல்லும்மா.” “உச்சி... அது.” கையை நீட்டவில்லை, தாடையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினேன். “எது?” “அந்த மேடு. இது இல்ல.” திரும்பிப் பார்த்தார். நான் மலையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன், எனக்கு வேறு ஒன்றும் வராவிட்டாலும் பார்க்க வரும். மாவடு கடிபட்ட வாய் அப்படியே நின்றது. கண் முதலில் மேட்டுக்குப் போனது, அப்புறம் கடிகாரத்துக்கு, அப்புறம் எங்கேயும் இல்லாமல் கீழே, தன் பக்கத்தில் பாறைமேல் வைத்திருந்த தண்ணீர் டம்ளருக்கு. அந்த டம்ளரில் அவர் கண் நின்றதைப் பார்த்தேன். ஞாபகம் வந்துவிட்டது அவருக்கு. பெஞ்சு, சிந்தின டீ, என் விரல், எல்லாம் வந்துவிட்டது. “அது பக்கத்து மலைம்மா, கேரளாப் பக்கம்” என்றார். “இல்லண்ணா, இதே முகடுதான், நடுவுல ஒரு பள்ளம், வரைபடத்துல...” “வாட்ச் காட்டுதும்மா. பத்து இருபது மீட்டர் கூடக்குறையக் காட்டும், அவ்வளவுதான.” வேதமூர்த்தி சார் அங்கிருந்து, “என்ன அங்க ரகசியம்? ஏம்மா செண்பகம், வாயில கொழுக்கட்டையா, சத்தமாச் சொன்னா நாங்களும் கேப்போம்ல?” எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்பது பேர் முகமும் ஒரே நேரத்தில் திரும்பினால் எனக்குக் காதுக்குள் அலை அடிக்கிற மாதிரி ஆகிவிடும், ஆகிவிட்டது. அவர்தான் பதில் சொன்னார், என் வாக்கியத்தை அவர்தான் முடித்து வைத்தார், “ஒண்ணுமில்ல சார், செண்பாவுக்கு இன்னும் நடக்கணுமாம், கால் அடங்கலையாம்.” சிரிப்பு. “நம்ம வாலுக்கு வந்த வேகத்தப் பாரேன்” என்றாள் ஹசீனா, எனக்கு இருக்கிற ஒரே தோழி. சிரிப்பு அடங்குவதற்குள் அவர் என் பக்கம் குனிந்து, குரலை இறக்கி, “மேகம் ஏறுது, எல்லாரையும் பத்திரமா இறக்கணும். இப்ப இதப் பேசி ஆளுகளக் குழப்பாத, என்ன?” என்றார். மெல்லப் பேசினார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அதுதான் தாங்கவில்லை, மலையை எடுத்தார், சரி, தேடலை எடுத்தார், சரி, இப்போது தேவை என்றதும் என் குரலையும் எடுத்துக்கொண்டார். தெரியாமல் தப்பு செய்தவரிடம் எனக்குக் கோபம் இருந்தது, அது ஒரு மாதிரி. தெரிந்துகொண்டே மாவடுவை மெல்லுகிறவரிடம் வருகிற கோபம் வேறு, அது வயிற்றில் வரவில்லை, முழங்காலில் வந்தது, நடக்கச் சொன்னது. இறங்கிவிட்டால் முடிந்தது. நாளைக்கு இந்தப் படங்கள் எல்லாம் வெளியே போகும், இனி வருகிறவர்கள் இந்தக் கல்லைப் பார்த்துவிட்டு இங்கேயே நின்றுவிடுவார்கள், கூன்தான் தலை என்று ஆகிவிடும், இருந்துகொண்டே வராதது ஆகிவிடும் அந்த மேடு, முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே.

“ஹசீனா, அந்தப் பக்கம் போய்ட்டு வரேன்.” இதற்கு மட்டும் சத்தம் தேவையில்லை. நடையில் ஒரு பெண் ‘அந்தப் பக்கம்’ என்றால் ஏன் எங்கே எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கக் கூடாது, ஆண்கள் எல்லோரும் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்துகொள்ள வேண்டும், அதுவும் எங்கள் வழக்கம்தான். “பாத்துப் போடி, அட்டை இருக்கும். நான் யாரையும் திரும்ப விடாம பாத்துக்கறேன். ஏய், எல்லாரும் கிழக்க பாருங்கப்பா!” எல்லோரும் கிழக்கே பார்த்தார்கள், தலை உட்பட. ஒன்பது முதுகு. நான் மேற்கே நடந்தேன். முதலில் குனிந்து, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, அப்புறம் எதற்குக் குனிகிறேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்து நிமிர்ந்து. கூன் போடாதடி, கூன் போடாதடி என்று அம்மா முதுகில் தட்டுவாள், இப்போது முதுகில் கல் தட்டுகிறது. பள்ளத்துக்குள் இறங்க இறங்கச் சத்தம் அறுந்துபோகிறது, சிரிப்பு, தூக்கு மூடுகிற டங் என்ற ஓசை, அப்புறம் ஒன்றுமில்லை, புல் மட்டும், இடுப்பளவு, முழங்கையைக் கிழிக்கிற புல். இங்கே ஒரு சாணிக்குவியல், காட்டுமாடு போட்டது, பெரிய அடுக்கு, மேலே ஈரம் காயவில்லை. நின்றேன். எங்கே நிற்கிறது அது. இந்தச் சோலை ஓரத்திலா, இலைக்குப் பின்னால் நின்று என்னைப் பார்க்கிறதா, கருப்பாக, நெற்றி வெளுப்பாக, வந்தால் எங்கே ஓடுவேன், இந்தப் பக்கம் சரிவு, அந்தப் பக்கம் சரிவு, கத்தினால் யாருக்குக் கேட்கும், எனக்கு ஏதாவது ஆனால் அப்பாவிடம் யார் சொல்வார்கள், இவர்தான் சொல்வார், ‘நல்ல பொண்ணு, அமைதியான பொண்ணு, எப்படித் தனியாப் போச்சுன்னே தெரியல’, அந்தக் குரலில் சொல்வார், எல்லோரும் நம்புவார்கள். செத்தாலும் என் கதையை அவர்தான் சொல்வார் என்று நினைத்ததும் காட்டுமாட்டுப் பயம் போய்விட்டது, போகவில்லை, ஆனால் அதைவிடப் பெரிதாக இது வந்து முன்னால் நின்றது. ஏறினேன். மூச்சு இரைத்தது, வாயில் இரும்பு ருசி, புல்லைப் பிடித்துப் பிடித்து, புல் பிடுங்கிக்கொண்டு வந்தது, அட்டை ஒன்று மணிக்கட்டில் எழுந்து நின்று ஆடிக்கொண்டிருந்தது, ஏறிக்கொள் என்று விட்டுவிட்டேன்.

ஏற ஏற வந்துகொண்டே இருந்த சரிவு திடீரென்று இல்லை. அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் புல், நடுவே மழையில் தேய்ந்த சின்னப் பாறை ஒன்று, அதன் பிளவில் நீலமாக ஏதோ பூ. வரைபடத்தில் என் சுட்டி நின்ற இடத்தில் என் செருப்பில்லாத, இல்லை, ஷூ போட்ட கால் நிற்கிறது, இரண்டாவது வளையத்துக்குள் நிற்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை, கோபம்தான் வந்தது, இன்னும் அதிகமாக, ஏனென்றால் திரும்பிப் பார்த்தேன், அங்கே கீழே, ஆமாம் கீழே, என்னைவிடத் தெளிவாகக் கீழே அந்தப் பாறையும் அதன்மேல் ஒன்பது முதுகும் தெரிந்தன, எவ்வளவு சின்னதாக, எவ்வளவு தாழ்வாக, ஒரே ஒருவர் திரும்பினால் போதும், பார்த்துவிடலாம், கண்ணுக்கு எதிரே இருக்கிறது, ஆனால் யாரும் திரும்பக் கூடாது, வழக்கம். திரும்பினார்கள் போலிருந்தது. அதற்குள் மேகம் வந்தது. பின்னாலிருந்து, கேரளப் பக்கத்திலிருந்து, பால் பொங்கி வழிகிற மாதிரி என் முதுகைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கி, எதிரே ஏறி, பாறையை மூடி, முதுகுகளை மூடி, என் கையையும் மூடியது. காற்று நின்றுவிட்டது. இவ்வளவு நேரம் காதில் இரைந்துகொண்டிருந்தது அதுதான் என்று நின்றபிறகுதான் தெரிகிறது. வெள்ளை. நீட்டினால் விரல் வரைக்கும்தான் உலகம். உட்கார்ந்துவிட்டேன். பையைக் கழற்றித் துண்டை அவிழ்த்துக் கல்லை மடியில் வைத்துக்கொண்டேன், ஓடையின் குளிர்ச்சி இன்னும் போகவில்லை அதற்கு, இல்லை என் கைதான் அவ்வளவு சூடாக இருக்கிறதா. இப்போது எழுந்து பள்ளத்தில் இறங்கினால் வழி தெரியாது, வடக்கே கால் வைத்தால் நேராகக் கீழே. உட்கார்ந்த இடத்தில் உட்கார், மேகத்தில் மாட்டினால் நகரக் கூடாது, இதுவும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான், எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது. இந்தக் கல்லை இங்கே வைத்தால் யார் பார்க்கப் போகிறார்கள். நான் வைத்தேன் என்று நான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் யாருக்குக் கேட்கும், மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறேன், எங்கே போனாலும் அந்த இடத்துக்கே வருகிறேன்.

“தலை!” வந்துவிட்டது. மேகத்துக்குள்ளிருந்து, பஞ்சில் சுற்றின மாதிரி, ஆனால் அவர் குரல்தான், கிளம்பப் போகிறார்கள். கை தானாக விசிலுக்குப் போனது. தொட்டேன். ஊதினால் போதும், வால் இருக்கிறது என்று தெரிந்துவிடும், ஆனால் விசில் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, மேகத்தில் விசில் எல்லாப் பக்கமிருந்தும் வரும், ஊதினது யார் என்றுகூடத் தெரியாது. “தலை!” இரண்டாவது முறை. கொஞ்சம் பயம் கலந்திருக்கிறதா அதில். கலக்கட்டும். நகர முடியாது உங்களால், வால் பதில் சொல்லாமல் தலை ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது, நீங்கள் போட்ட விதி. ஹசீனாவின் குரல், “செண்பா! ஏய் செண்பா! எங்கடி இருக்க?”, அவள் குரலில் அழுகை வரப் பார்க்கிறது, அவளைப் பயமுறுத்துவதற்கு நான் இங்கே வரவில்லை, சொல்லிவிடு. விசிலை விட்டுவிட்டு வாயைத் திறந்தேன். “வால்.” எனக்குக் கேட்டது, அவ்வளவுதான். உள்ளே அந்தப் பஞ்சாலை ஓடிக்கொண்டிருக்கிறது, அத்தனை எந்திரமும், இவ்வளவு சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு சொல்லை வெளியே அனுப்ப முடியவில்லை என்றால் எதற்கு அது. டம்ளரை நினைத்தேன். என் விரல் வரைந்த தலையின் மேல் டம்ளரை வைத்தாரே, ஈர வட்டம் படிந்ததே. இரண்டு கையையும் வாயருகே குவித்தேன், மடியிலிருந்த கல் உருண்டு விழுந்து எங்கேயோ புல்லில் நின்றது, விழுந்த இடத்தில் கிடக்கட்டும். “வால்!”

வயிற்றிலிருந்து வந்தது. யாருடைய குரலோ போலிருந்தது, கொஞ்சம் கரகரப்பாக, அசிங்கமாக, கிழிந்து. எதிர்ச்சரிவில் மோதித் திரும்பி வந்தது, அப்படியும் நிற்கவில்லை, பள்ளத்துக்குள் இறங்கிப் போயிற்று. காற்றில்லாததால் அங்கேயிருந்து ஒவ்வொரு சொல்லும் ஈரத்தோடு நடந்து வருகிறது. “யாரு, செண்பகமா அது?” என்கிறார் வேதமூர்த்தி சார். “அவ குரலாடே இது?” அப்புறம், “ஆமா, என்ன இது, சத்தம் மேலயிருந்துல்ல வருது?” “மேல ஏது சார் மேல,” தீபன் அண்ணா, “மேகத்துல அப்படித்தான் கேக்கும், எதிரொலி.” “எதிரொலியாவது ஒண்ணாவது, நான் கம்பத்துமேல ஏறி நின்னு கீழ இருக்கிறவன்கிட்ட கத்துன ஆளுய்யா, மேலயிருந்து வர்றதுக்கும் பக்கத்துலயிருந்து வர்றதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா. செண்பகம்! இன்னொரு வாட்டி கத்தும்மா!” “வால்!” என்றேன். “பாத்தியா, தலைக்கு மேலதான்.” யாரோ மெல்ல ஏதோ கேட்கிறார்கள், யாரோ இல்லை என்கிறார்கள், ஹசீனா, “அண்ணா, அவ அப்பவே ஏதோ மேடுன்னு உங்ககிட்ட...” என்று ஆரம்பிக்கிறாள், தீபன் அண்ணா அவளை முடிக்க விடவில்லை, அந்தக் கூடம் நிறைகிற குரலில், என்னைப் பார்த்து, என்னைப் பார்க்க முடியாமல், “செண்பா! அங்கயே இரு! நகராத! நீ எங்க இருக்க?” என்கிறார்.

எங்கே இருக்கிறேன். எல்லோரும் கேட்கிற மாதிரி இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை, கேட்டுவிட்டுக் காத்திருந்ததில்லை. நாலு வார்த்தை இல்லை, இரண்டு போதும், முட்டிக்கொள்ளாமல் ஒவ்வொன்றாக இறங்கும். மூச்சை இழுத்தேன், மேகம் உள்ளே வந்தது, குளிர்ச்சியாக, புல் வாசனையோடு.

“உச்சியில இருக்கேன்!”

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வேதமூர்த்தி சார், நிதானமாக, பந்தியில் எதையோ பரிமாற மறந்துபோனவர் போல, “அப்ப நாம எங்கய்யா இருக்கோம், தீபன்?”

காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அட்டை மணிக்கட்டில் உறிஞ்சி முடித்துத் தானாகக் கழன்று விழுகிறது. தலையிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.